புதுப்பிப்பு: கண்காட்சிப் பெட்டிக்குள் வெள்ளி கறுத்ததற்குக் காரணம் ரப்பர் ஷீட்

கிருஷ்ணகிரியில் நடக்கும் கூட்டுக் கண்காட்சியில், வெள்ளி நகைகளும் சிறு பீங்கான் பொருட்களும் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளி வேகமாகக் கறுக்கிறது என்று கேட்டிருந்தோம். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

"அடியில் என்ன விரித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டவர் சொன்னதுதான் சரி. பாலிஷ் செய்த கிரானைட் பலகையில் பீங்கான் வழுக்காமலிருக்கப் போட்ட கறுப்பு ரப்பரில் கந்தகம் உண்டு. மூடிய பெட்டிக்குள் அதன் ஆவி வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடு என்ற கறுப்புப் படலமாகிறது. ரப்பரை எடுத்து, பெட்டியைக் காற்றாட விட்டு, கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணி விரித்ததும் கறுப்பது நின்றது. கம்பளி ஃபெல்ட்டும் வேண்டாம், அதிலும் கந்தகம். சிலிக்கா ஜெல் ஈரத்தைத்தான் இழுக்கும். ரப்பர் இருக்கும்போது அது மட்டும் போதவில்லை.

வழுக்கலுக்கு மியூசியம் வேக்ஸ் (பொருள் நகராமல் அடியில் ஒட்டும் மெழுகு), மிளகளவு உருண்டை மூன்று. எதிர்பாராதது: கிளேஸ் (கண்ணாடி போன்ற மேல்பூச்சு) இல்லாத பீங்கானில் அது எண்ணெய்த் தடம் விட்டது. அவற்றுக்கு மட்டும் சிலிக்கோன் பொட்டு. அதையும் பலகையில்தான் ஒட்ட வேண்டும், பொருளில் அல்ல.

கறுத்த நகைக்கு அலுமினியத் தாள், வெந்நீர், சமையல் சோடா போதும். ஆக்சிடைஸ் செய்த, அதாவது வேண்டுமென்றே கறுக்க வைத்த நகையை அதில் போட்டால் வேலைப்பாட்டின் கறுப்பும் போய்விடும். முத்து வைத்ததும் பீங்கான் ஒட்டியதும் கூடாது, வெந்நீரில் பசை இளகும்.