450 வகை ஹெலிகாப்டர்: தரையில் நடுக்கம், வாலில் ஆட்டம், எழும்பியதும் இடப்பக்கச் சரிவு

தும்பி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பல்லடத்துக்கு அருகில் வசிக்கிறேன். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். பிளேடுகளின் கோணம் மாறாத, நான்கு சேனல் கொண்ட, ரேடியோவால் இயக்கும் சிறிய மாடல் ஹெலிகாப்டர் ஒன்றை இரண்டு ஆண்டுகளாக வீட்டுக் கூடத்திலேயே ஓட்டிப் பழகினேன். அது கைக்கு அடங்கிவிட்டது என்ற துணிச்சலில், 325 மில்லிமீட்டர் பிளேடுகளும் ஃப்ளைபாரும் (ரோட்டரோடு சேர்ந்து சுழன்று அதை நிலைப்படுத்தும், முனைகளில் துடுப்புகள் கொண்ட கம்பி) உடைய 450 வகை ஹெலிகாப்டர் ஒன்றைப் பழையதாக வாங்கி, ஒவ்வொரு திருகாகக் கழற்றித் துடைத்து, மீண்டும் பூட்டியிருக்கிறேன்.

இப்போது மூன்று சிக்கல்கள் உள்ளன. தரையில் நிற்கும்போதே ரோட்டரின் வேகத்தைக் கூட்டினால் சட்டகம் முழுவதும் நடுங்குகிறது. முழு வேகத்திலும் அந்த நடுக்கம் அடங்குவதில்லை. எழுப்பியதும் வால் இடமும் வலமுமாக விடாமல் வேகமாக ஆடுகிறது. இவை போதாதென்று, ஸ்வாஷ்பிளேட்டை (மெயின் பிளேடுகளின் கோணத்தை மாற்றும் தட்டு) சமமட்டமாக வைத்திருந்தும், தரையைவிட்டு எழுந்தவுடன் ஹெலிகாப்டர் இடப்பக்கமாக வழுக்கிச் செல்கிறது. குச்சியின் நடுநிலையை நகர்த்தும் ட்ரிம்மை வலப்பக்கம் தள்ளினால் நிற்கிறது, ஆனால் உடல் சற்றே சாய்ந்து நிற்கிறது. இது என் பூட்டுதலில் நேர்ந்த பிழையா? ஃப்ளைபாரை அகற்றிவிட்டு, அது தேவைப்படாத மின்னணு அமைப்புக்கு மாறினால் இவை தீருமா? மூக்கு என்னை நோக்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும் தடுமாறி இரண்டு முறை கீழே போட்டுவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லேத் பட்டறை (பதில்):

வணக்கம் தம்பி. மூன்றாவது சிக்கலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது சிக்கலே அல்ல. நம் மாடல்களில் பெரும்பாலானவற்றின் மெயின் ரோட்டர் மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. அதன் எதிர்விசை மூக்கை இடப்பக்கம் திருப்பப் பார்க்கும். அதைத் தடுக்க வால் ரோட்டர் வாலை இடப்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் வாலைத் திருப்புவதோடு நில்லாமல் ஹெலிகாப்டர் முழுவதையுமே இடப்பக்கம் நகர்த்துவதால், மெயின் ரோட்டரைச் சற்றே வலப்பக்கம் சாய்த்து வைத்தால்தான் அது ஓரிடத்தில் நிற்கும். ஆள் ஏறிப் பறக்கும் பெரிய ஹெலிகாப்டர்களிலும் இதே இயல்பு உண்டு. எனவே ட்ரிம்மைக் கொண்டு அந்தச் சாய்வைப் போக்க முயலாதீர்கள். ஸ்வாஷ்பிளேட் சமமட்டமாகவே இருக்கட்டும், சாய்வை உங்கள் விரல் கொடுக்கட்டும்.

நடுக்கம்தான் கவலைக்குரியது. நூற்பாலையில் ஒரு கதிர் நடுங்கினால் எந்தப் பேரிங் என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து ஓடவிட்டுப் பார்ப்பீர்கள் அல்லவா, இங்கும் அதே முறைதான். மெயின் பிளேடுகளையும் வால் பிளேடுகளையும் கழற்றிவிட்டு மோட்டாரை மிதமான வேகத்தில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் அப்படியே இருந்தால் குற்றம் மெயின் ஷாஃப்ட்டிலோ, மெயின் கியரிலோ, மோட்டாரிலோ, வாலுக்குச் செல்லும் பெல்ட்டிலோ இருக்கிறது. அடங்கிவிட்டால் ரோட்டர் தலையையும் பிளேடுகளையும் பாருங்கள். நடுக்கத்தின் தன்மையும் ஒரு தடயம். வால் ரோட்டர் மெயின் ரோட்டரைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் சுழல்வதால், சட்டகம் கண்ணுக்குத் தெரியும்படி குலுங்கினால் மெயின் ரோட்டரையும், வால் துடுப்பின் விளிம்பு மங்கித் தெரியும்படி நுண்மையாக அதிர்ந்தால் வால் பக்கத்தையும் முதலில் சந்தேகிக்கலாம்.

இரண்டு முறை விழுந்த ஹெலிகாப்டர் என்பதால் என் முதல் சந்தேகம், ரோட்டர் தலைக்குள் இரு பிளேடுப் பிடிகளையும் தாங்கும் ஃபெதரிங் ஷாஃப்ட் மீதுதான். பிளேடு தரையில் மோதும்போது முதலில் வளைவது அந்த மெல்லிய தண்டு. கையில் பிடித்துப் பார்த்தால் நேராகவே தோன்றும். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டினால்தான் அடியில் வெளிச்சம் தெரிந்தும் மறைந்தும் வருவதைக் காண முடியும். மெயின் ஷாஃப்ட்டையும் ஃப்ளைபார் கம்பியையும் அவ்வாறே உருட்டிப் பாருங்கள். வளைந்த தண்டைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்தவே கூடாது, புதியதை மாற்றுங்கள்.

அடுத்தது பிளேடுகள். பலர் இரண்டு பிளேடுகளின் எடையை மட்டும் சமப்படுத்திவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். முதலில் ஒவ்வொரு பிளேடையும் ஒரு கத்தி முனைமேல் வைத்து அதன் ஈர்ப்பு மையத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு மையங்களும் வேரிலிருந்து ஒரே தொலைவில் வருமாறு மெல்லிய டேப்பை ஒட்டி, அதன் பின்னரே அந்த மையப் புள்ளியில் டேப் ஒட்டி எடையைச் சமப்படுத்த வேண்டும். பிளேடுகளைப் பிடித்திருக்கும் போல்ட்டின் இறுக்கமும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்: ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்தால் பிளேடு தொங்காமல் நிற்கவும், லேசாகக் குலுக்கினால் மடங்கவும் வேண்டும். ஃப்ளைபாரின் இரு துடுப்புகளும் நடு அச்சிலிருந்து மில்லிமீட்டர் பிசகாமல் சம தொலைவிலும், ஒன்றுக்கொன்று இணையாகவும் இருக்கின்றனவா என்று அளந்து பாருங்கள்.

வால் வேகமாக ஆடுவதற்கு, வால் திரும்புவதை உணர்ந்து திருத்தும் கைரோவின் கெயின் (அது எவ்வளவு வலுவாகத் திருத்துகிறது என்ற அளவு) மிகுந்திருப்பதே வழக்கமான காரணம். ஆனாலும் உடனே கெயினைக் குறைக்க வேண்டாம் என்பேன். வால் பிளேடுகளின் கோணத்தை மாற்றும் பிட்ச் ஸ்லைடர் தண்டின்மேல் தடையில்லாமல் வழுக்குகிறதா, அதை நகர்த்தும் சிறு மோட்டாரான சர்வோவின் கையில் பந்து மூட்டு மையத்திலிருந்து மிகத் தள்ளிய துளையில் பூட்டப்பட்டிருக்கிறதா, கைரோவை ஒட்டிய இரட்டைப் பக்க டேப் தளர்ந்திருக்கிறதா என்பவற்றை முன்னதாகப் பாருங்கள். சட்டகத்தின் நடுக்கமே கைரோவைக் குழப்பி வாலை ஆட்டுவதும் உண்டு. அப்படியானால் முதல் சிக்கல் தீரும்போது இரண்டாவதும் சேர்ந்து தீரும்.

இறுதியாக, உலோகத்துக்குள் செல்லும் ஒவ்வொரு உலோகத் திருகிலும் திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற த்ரெட்லாக் பசை ஒரு சொட்டு இட்டிருக்கிறீர்களா? பழைய ஹெலிகாப்டரைக் கழற்றித் துடைத்தபோது முன்பு இருந்ததும் போயிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகே இடுங்கள். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகுகளுக்கு இடக்கூடாது. சில வகைப் பிளாஸ்டிக் வெடித்துவிடும்.

அதிகாலை (பதில்):

மேலே சொன்னவற்றில் மாற்றுக் கருத்து இல்லை. பறப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதற்கு முன்பாகப் பாதுகாப்பைப் பற்றி. உங்கள் கையில் இருப்பது கூடத்தில் ஓடிய ஹெலிகாப்டரைப் போன்றதன்று. 325 மில்லிமீட்டர் பிளேடு என்றால் ரோட்டரின் விட்டம் ஏறத்தாழ 71 சென்டிமீட்டர். அது நிமிடத்துக்கு 2,800 முறை சுழலும்போது பிளேடு முனையின் வேகம் மணிக்கு 370 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில், நல்ல பழக்கமுள்ள 19 வயது இளைஞர் ஒருவர் தம்முடைய ஹெலிகாப்டர் தாக்கியே உயிரிழந்தார். அது உங்களுடையதைவிடப் பெரிய வகை, ஆனால் 450 வகையின் பிளேடும் விரலையோ கண்ணையோ பறிக்கப் போதுமானது. ஆகவே பிளேடு பூட்டிய நிலையில் வீட்டுக்குள்ளோ மேசைமீதோ ஒருபோதும் ஓட்டாதீர்கள். பிளேடுகள் ஒரே தளத்தில் சுழல்கின்றனவா என்று பார்க்கக் குனிந்து அருகில் செல்லும் பழக்கம் பலரிடம் உண்டு. ஒரு பிளேடின் முனையில் நிற டேப் ஒட்டிவிட்டு, பத்து மீட்டர் தள்ளி நின்றே அதைப் பார்த்துவிடலாம். த்ராட்டில் ஹோல்டு சுவிட்ச் எந்த விரலுக்கு எட்டுகிறதோ அந்த விரலுக்கு அதை இயல்பாக்குங்கள்; விழப்போகிறது என்று தெரிந்த கணத்தில் மோட்டாரை நிறுத்தினால் சேதம் பாதியாகும்.

மூக்கு நம்மை நோக்கும்போது தடுமாறுவது எல்லோருக்கும் நேர்வதே. வால் நம் பக்கம் இருக்கையில் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் ஹெலிகாப்டர் நமக்கு வலப்பக்கம் போகும். மூக்கு நம் பக்கம் திரும்பியதும் அதே அசைவு அதை நமக்கு இடப்பக்கம் கொண்டுசெல்லும். இதை அறிவால் கணக்கிட்டுச் செய்ய நேரம் போதாது, கைக்குத் தானாக வரவேண்டும். அதற்குக் கணினி சிமுலேட்டரைப் போன்ற சிக்கனமான ஆசிரியர் வேறு இல்லை. உங்கள் டிரான்ஸ்மிட்டரையே கணினியில் இணைத்து, தினமும் அரை மணி நேரம் ஹோவர் (ஓரிடத்தில் அந்தரத்தில் நிறுத்துவது) மட்டும் பழகுங்கள்: வால் நோக்கிய நிலையில் தொடங்கி, சற்றே பக்கவாட்டில் திருப்பி, அது நிலைத்த பின் முழுப் பக்கவாட்டுக்கு வந்து, இருபக்கமும் சமமாக வந்த பிறகே மூக்கு நோக்கிய நிலைக்குச் செல்லுங்கள். களத்தில், சறுக்குக் கால்களில் குறுக்காகக் கட்டும் நான்கு பந்துகள் கொண்ட பயிற்சிக் கம்பிகளைச் சில மாதங்கள் கழற்ற வேண்டாம். தரையை ஒட்டி ஓர் அடி உயரத்தில் பழகுவது பாதுகாப்பானது போலத் தோன்றினாலும், அங்கே தன் காற்றே தரையில் மோதித் திரும்பி வந்து ஹெலிகாப்டரை அலைக்கழிக்கும். கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்திப் பழகினால் அது அமைதியாக நிற்பதைக் காண்பீர்கள்.

நீங்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பகுதியில் இருக்கிறீர்கள். ஆனி, ஆடி மாதங்களில் விடியற்காலைப் பொழுதை விட்டால் பழகுநருக்கு ஏற்ற நேரம் கிடைப்பது அரிது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அது முன் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலமா என்று கட்டாயம் பாருங்கள். சூலூர் விமானப்படைத் தளம் உங்களுக்குத் தொலைவில் இல்லை. விழுந்த பேட்டரியைப் பற்றியும் ஒரு சொல்: லிப்போ பேட்டரி அடிபட்ட உடனே தீப்பிடிக்காமல் சிறிது நேரம் கழித்தும் பிடிக்கக்கூடும் என்பதால், அதை வண்டியிலோ வீட்டிலோ வைக்காமல் திறந்த வெளியில் தனியாக வைத்துக் கவனியுங்கள்.

பட்டம் (பதில்):

ஃப்ளைபாரைப் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. நான் அதை மாற்றச் சொல்வேன், ஆனால் இப்போதல்ல. நடுக்கம் இருக்கும் ஹெலிகாப்டரில் ஃப்ளைபார் இல்லாத அமைப்பைப் பூட்டினால், அதன் மூன்று அச்சுக் கைரோ அந்த நடுக்கத்தையெல்லாம் அசைவாக எடுத்துக்கொண்டு இன்னும் மோசமாக நடந்துகொள்ளும். எந்திரக் குறை தீர்ந்த பிறகு மாறுவதில் நன்மை உண்டு. ஃப்ளைபார் தலைக்கான உதிரிப் பாகங்கள் ஆண்டுக்காண்டு அரிதாகி வருகின்றன, விழுந்தால் வளையும் பாகங்களின் எண்ணிக்கையும் குறையும்.

இருந்தாலும் அந்தக் கம்பி என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளாமல் அதைக் கழற்றிவிடாதீர்கள். அது மாடல்களிலேயே பிறந்த ஒன்று. அமெரிக்காவில் ஆர்தர் யங் 1930களில் ஒரு பழைய களஞ்சியத்தில் சிறிய மாடல் ஹெலிகாப்டர்களைச் செய்து செய்து பார்த்து, ரோட்டரோடு சேர்ந்து சுழலும் எடை கட்டிய கம்பி ஒன்று தன் சுழற்சித் தளத்தை விட்டு விலக மறுப்பதையும், அதை பிளேடுகளோடு இணைத்தால் ஹெலிகாப்டர் நிலைபெறுவதையும் கண்டார். 1941இல் பெல் நிறுவனத்தாருக்கு அவர் செய்து காட்டியதும் ஒரு சிறிய மின் மாடலைத்தான். அதன் வழியில் வந்த பெல் 47, 1946இல் சான்றிதழ் பெற்றது. ஸ்டான்லி ஹில்லர் அந்தக் கம்பியின் முனைகளில் எடைக்குப் பதிலாகத் துடுப்புகளை வைத்தார். உங்கள் ஹெலிகாப்டரின் தலையில் இருப்பது இந்த இரண்டும் கலந்த அமைப்பு. ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1970 வாக்கில் ரேடியோவால் இயக்கும் ஹெலிகாப்டரைக் கைக்கு அடங்கும்படி பறக்கவிட்டபோதும் துணை நின்றது இதே கம்பிதான். அன்று கம்பி செய்த வேலையை இன்று ஒரு சிறு மின்னணுப் பலகை செய்கிறது.

தும்பி:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை தலையைப் பிரித்து, ஃபெதரிங் ஷாஃப்ட்டைக் கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்தேன். ஐயா சொன்னபடியே அடியில் வெளிச்சம் வந்து மறைந்தது. ஃப்ளைபாரின் ஒரு துடுப்பும் மற்றதைவிட இரண்டு மில்லிமீட்டர் வெளியே இருந்தது. தண்டை மாற்றித் துடுப்பைச் சரிசெய்த பின், இன்று விடியலில் பத்து மீட்டர் தள்ளி நின்று ஓட்டினேன். சட்டகத்தின் குலுக்கல் நின்றுவிட்டது. வால் மட்டும் இன்னும் மெல்ல ஆடுகிறது. சர்வோ கையில் பந்து மூட்டு கடைசித் துளையில் இருப்பதைப் பார்த்தேன். எத்தனையாவது துளைக்கு மாற்றலாம்?

லேத் பட்டறை:

துளையின் எண்ணைவிட மையத்திலிருந்து உள்ள தொலைவே முக்கியம். உங்கள் கைரோவின் கையேட்டில் அந்த அளவு இருக்கும். கையேடு இல்லையென்றால் ஒரு துளை உள்ளே மாற்றி, வால் ஸ்லைடர் இருபுறமும் முழுத் தொலைவு செல்கிறதா, எந்த முனையிலும் சர்வோ முட்டி உறுமாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் ஆடினால் மட்டும் கெயினைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஆட்டம் நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள்.