ஜாஸ் பேஸில் ஓயாத இரைச்சல், கை வைத்தால் குறைகிறது. அவசர உதவி வேண்டும்

கீழ்சுருதி:
வணக்கம். பேஸ் கிட்டாரை ஆம்பில் செருகினாலே இரைச்சல். வாசிக்கும்போதும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. கை வைத்தால் குறைகிறது, எடுத்தால் திரும்பவும் வருகிறது. கேபிளை மாற்றியாயிற்று, பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டிங் இருக்கிறது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நாலுதந்தி:
ஜாஸ் பேஸ் என்று தலைப்பில் மட்டும்தான் இருக்கிறது. பேட்டரி போடுகிற ஆக்டிவா, பேட்டரி இல்லாத பேசிவா? இரைச்சல் அடியில் "ம்ம்ம்" என்று உறுமுகிறதா, மேலே கரகரவென்று கேட்கிறதா? ஆம்ப் மட்டும்தானா, கம்ப்யூட்டரோடும் இணைத்திருக்கிறீர்களா? இது தெரியாமல் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

ஈயப்புகை:
கை வைத்தால் குறைகிறது என்றாலே ஷீல்டிங் (வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இல்லை என்று அர்த்தம். சுற்றியுள்ள மின் இரைச்சலை நம் உடம்பு வாங்கி, தந்தியின் அதிர்வை சிக்னலாக்கும் பிக்கப் பக்கம் தள்ளுகிறது. தந்தியைத் தொட்டதும் உடம்பு கிரவுண்டோடு (மின்சுற்றின் பொது இணைப்பு) சேர்ந்துவிடும், இரைச்சல் அடங்கும். பிக்கப் குழி, கன்ட்ரோல் குழி இரண்டிலும் காப்பர் டேப் ஒட்டி, அதை கிரவுண்டில் சேருங்கள். டேப்பின் பசை மின்சாரம் கடத்தாத வகையாக இருந்தால், துண்டுகள் சேரும் இடத்தில் எல்லாம் ஒரு பொட்டு ஈயம் வைக்க வேண்டும். ஜாக்கில் சிக்னல் வரும் முனை மட்டும் டேப்பில் பட்டுவிடக் கூடாது, பட்டால் பேஸ் ஊமையாகிவிடும்.

பழையவால்வு:
மாதம் தவறாமல் இதே கேள்வி வருகிறது, பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. தம்பி, சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்றால் ஹம் என்கிற உறுமல் இருக்கத்தான் செய்யும். அதைத் தீர்க்கிற, சுருளை இரண்டாகப் பிரித்த ஸ்ப்ளிட் காயில், இன்னொரு வகையான பிரிசிஷன் பேஸுக்கு 1957-இலேயே வந்துவிட்டது. ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றப்பட்டவை, காந்தமும் எதிர்த்துருவம். இரண்டு வால்யூமும் முழுசாகத் திறந்திருந்தால் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒன்றைக் குறைத்தால் திரும்ப எட்டிப்பார்க்கும். முதலில் இந்த அடிப்படையைத் தெரிந்துகொண்டு, பிறகு டேப் வாங்கப் போகலாம்.

மேடைஒலி:
எனக்கு கிரவுண்ட் லூப் (இணைந்த கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் கிரவுண்டில் சேர்வது) மேல்தான் சந்தேகம். லேப்டாப்பும் ஆம்பும் இணைந்திருந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், கிரவுண்ட் லிஃப்ட் (கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள டிஐ பாக்ஸ் என்கிற சிறு இணைப்புப் பெட்டி போதும். யாராவது பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஆம்பில் கோளாறு வந்தால் மின்சாரம் தந்தி வழியாக நேராக உங்கள் கைக்குத்தான் வரும்.

கீழ்சுருதி:
பேசிவ். இரண்டு சிங்கிள் காயில், இரண்டு வால்யூமும் முழுசாகத்தான் வைத்திருக்கிறேன். உறுமல் இல்லை, கரகரப்பு. லேப்டாப்பே இணைக்கவில்லை, ஆம்ப் மட்டும். டோனைக் குறைத்தால் கொஞ்சம் மட்டுப்படுகிறது.

ஈயப்புகை:
சொன்னேன் அல்லவா, ஷீல்டிங்தான். டேப் வாங்குங்கள்.

நாலுதந்தி:
ஒரு நிமிடம். கை வைத்தால் குறைகிறது என்கிறீர்களே, எதில் கை வைத்தால்? தந்தியிலா, நாப் இருக்கும் உலோகத் தகட்டிலா?

பழையவால்வு:
குழியெல்லாம் காப்பர் ஒட்டினால் டிரெபிள் (மேல் ஒலி) செத்துவிடும், பேஸ் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். இதைச் செய்து வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும். போதாக்குறைக்கு, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை அந்த மெல்லிய தகடு தடுக்கவே தடுக்காது.

ஈயப்புகை:
காந்தப்புலத்தைத் தடுக்காது, உண்மைதான். ஆனால் அவர் கேட்பது கரகரப்பு. அது டிம்மர், குழல்விளக்கு, சார்ஜர் மாதிரியானவற்றின் மின்புலத்திலிருந்து வருவது, அதற்கு ஷீல்டிங் நன்றாகவே வேலை செய்யும். டிரெபிள் போகும் என்கிற பேச்சுக்குத்தான் ஆதாரம் இல்லை. சாதாரண கிட்டார் கேபிளே மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவுக்கு, டிரெபிளைக் குறைக்கும் கெப்பாசிட்டன்ஸ் சேர்க்கிறது. குழியில் ஒட்டுகிற டேப் அதன் முன்னால் எம்மாத்திரம்?

பழையவால்வு:
காதால் கேட்க வேண்டியதைக் கணக்கு போட்டுப் பார்க்கிறவர்களிடம் பேசிப் பயனில்லை.

தாளக்கட்டு:
ஞாயிற்றுக்கிழமைக்குள் என்றால் ஒலி சிறுத்ததும் சிக்னலை மூடிவிடும் ஒரு நாய்ஸ் கேட் பெடல் வைத்துச் சமாளிக்கலாமே? அல்லது ஈக்யூவில் (ஈக்வலைசர்) 50 ஹெர்ட்ஸை வெட்டிவிடலாம்.

மேடைஒலி:
பேஸில் அது சரிப்படாது. கேட் மூடும்போது நீண்ட சுரத்தின் வால் பாதியில் அறுந்துபோகும், மெதுவான பாட்டில் அது அப்பட்டமாகத் தெரியும். ஈக்யூ இன்னும் மோசம். அடித்தந்தி ஈ 41 ஹெர்ட்ஸ், அதே தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 49. ஐம்பதை வெட்டினால் அந்த ஜி சுரமே மெலிந்துவிடும்.

கீழ்சுருதி:
தந்தியைத் தொட்டால் மாற்றமில்லை. தகட்டைத் தொட்டால்தான் குறைகிறது. போன மாதம் கறுப்பு நிற பிரிட்ஜ் (தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பாகம்) ஒன்று வாங்கி மாட்டினேன், வேறு எதையும் தொடவில்லை.

நாலுதந்தி:
விஷயம் அங்கேதான் இருக்கிறது. தகடு கிரவுண்டில் இருக்கிறது, தந்திகள் இல்லை. நாபுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகிலிருந்து ஒரு வயர், உடலில் துளைத்த வழியாகப் போய் பிரிட்ஜுக்கு அடியில் முடியும். பெரும்பாலும் அதை சால்டர் செய்வதில்லை, உரித்த முனை பிரிட்ஜின் எடையிலும் திருகின் இறுக்கத்திலும் அழுந்திக் கிடக்கும், அவ்வளவுதான். கறுப்பு பிரிட்ஜுகள் சிலவற்றில் பூச்சு அடிப்பாகத்திலும் இருக்கும். அதன் மேல் வயர் எவ்வளவு அழுந்தினாலும் மின்சாரம் போகாது.

முதலில் மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வையுங்கள். ஒரு முனையை ஜாக்கின் வெளிவளையத்திலும் இன்னொன்றைத் தந்தியிலும் தொட்டுப் பாருங்கள். பீப் வரவில்லையென்றால் தந்திகளைத் தளர்த்தி, பிரிட்ஜின் திருகுகளைக் கழற்றித் தூக்குங்கள். வயர் உள்ளே இழுபட்டுப் போயிருந்தால் மெல்ல வெளியே எடுத்து, முனையை ஒரு விரற்கடை நீளம் உரித்து, இழைகளை விசிறி மாதிரி விரித்துப் படுக்க வையுங்கள். அதற்கு நேர் மேலே வரும் இடத்தில் பிரிட்ஜின் அடிப்பூச்சை உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து எடுங்கள். வெளியே தெரியாத இடம், அழகு கெடாது. மாட்டிய பிறகு ஒவ்வொரு தந்தியிலும் தனித்தனியாக பீப் பாருங்கள். தந்தி உட்காரும் சேடிலின் திருகிலும் பூச்சு இருந்தால் ஒரு தந்தி மட்டும் விட்டுப்போக வாய்ப்பு உண்டு.

டேப் எல்லாம் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஈயப்புகை:
சரி, பிரிட்ஜ் மாற்றியது முதலிலேயே தெரிந்திருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் ஷீல்டிங் செய்வது நல்லதுதான்.

பழையவால்வு:
ஒரு பிக்கப்பை மட்டும் வைத்து ரெக்கார்ட் செய்தால் உறுமல் அப்போதும் இருக்கும், அதை மறக்க வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே பேஸோடு மெல்லத் திரும்பிப் பார்த்தால், ஏதோ ஒரு திசையில் அது குறையும். அந்தத் திசையில் உட்கார்ந்து வாசியுங்கள்.

கீழ்சுருதி:
பூச்சுதான். தேய்த்துவிட்டு மாட்டினேன், நாலு தந்தியிலும் பீப் வருகிறது, கரகரப்பு போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

புதுவிரல்:
என்னிடமும் கறுப்பு பிரிட்ஜ்தான். ஆனால் இஎம்ஜி நிறுவனத்தின் ஆக்டிவ் பிக்கப். பீப் பார்த்தேன், வரவில்லை. நானும் தேய்க்கலாமா?

நாலுதந்தி:
வேண்டாம். அந்த பிக்கப்புகளுக்கு உள்ளேயே ஷீல்டிங் இருக்கிறது, பிரிட்ஜ் வயர் தேவையில்லை என்று தயாரிப்பாளரே சொல்கிறார். உங்களுக்கு இரைச்சல் இருந்தால் தனி இழை போடுங்கள். பேட்டரி எப்போது மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.