புதுப்பிப்பு: ஆசிட்டில் கடுக்காய்க் கஷாயம்

துருவை எடுக்க இரும்பை ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் முக்கினால் நல்ல இரும்பும் சேர்ந்து கரைகிறதே, அதைத் தடுக்க நச்சில்லாத வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். கடுக்காயைப் போட்டுப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். பார்த்துவிட்டேன்.

இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரே அளவு நீர்த்த ஆசிட், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த ஆணிகள். ஒன்றில் மட்டும் வடிகட்டிய கடுக்காய்க் கஷாயம். வெறும் ஆசிட்டில் குமிழி நுரைத்துக்கொண்டு வந்தது. கஷாயம் விட்டதில் ஒவ்வொன்றாகத்தான் கிளம்பியது. அந்தக் குமிழி ஹைட்ரஜன். அது குறைந்தால் இரும்பு கரைவதும் குறைகிறது என்று அர்த்தம். கடுக்காயில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். அந்த மூலக்கூறுகள் இரும்பின் மேல் ஒட்டிக்கொண்டு ஆசிட்டை அண்டவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. சூடான ஆசிட்டில் பெரும்பாலும் இந்தப் பிடிப்பு தளர்ந்துவிடும்.

குறைகளும் உண்டு. கஷாயம் சில நாளிலேயே பூஞ்சை பிடித்தது. கழுவிக் காயவைத்த ஆணி மறுபடி லேசாகத் துருவேறியது. அப்புறம் அந்தத் துருவின் மேலேயே கஷாயத்தைத் தடவினேன். மை மாதிரி கருநீலமாக மாறியது, துருவும் டானினும் சேர்ந்து உண்டாகும் இரும்பு டானேட். துருவைத் தடுக்க அது மட்டும் போதாது, மேலே பெயின்ட் வேண்டும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: கடுக்காய் சேர்ந்ததால் கழிவு ஆசிட் சாதுவாகிவிடாது. சுண்ணாம்பு போட்டு அமிலத்தன்மையை முறிக்காமல் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். அடுத்து கடுக்காய்க்குப் பதிலாக வேப்பிலையைப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.