பிளவுப் பள்ளத்தாக்கு ஏரியில ஒண்ணு ஆழம், ஒண்ணு உப்பு. ஏன்?

உசிலம்பட்டியான்:
குரூப் 2-க்குப் படிக்கிறேன். ஆப்பிரிக்காவுல டாங்கனிக்கா ஏரி ஆழம் 1,470 மீட்டர் போட்டிருக்கு. பரப்புல அதைவிடப் பெரிய விக்டோரியா ஏரி 80 மீட்டர்தானாம். நாட்ரான் ஏரி ஒரே உப்பு. மண்டை காயுதுண்ணே.

செல்லூர் வாத்தியார்:
தம்பி, பிளவுன்னா நிலம் ரெண்டா விலகி நடுவுல இறங்குன நீளமான பள்ளம். விக்டோரியா அந்தப் பிளவுக்குள்ளயே இல்ல. பிளவோட கிழக்கு, மேற்குன்னு ரெண்டு கிளைக்கு நடுவுல, மேட்டுநிலத்துத் தாழ்வுல தேங்குன தண்ணி அது. நம்ம வண்டியூர்க் கண்மாய் மாதிரி, பரப்பு உண்டு, ஆழம் கிடையாது. டாங்கனிக்கா மேற்குக் கிளையில, நிலம் விலகி இறங்குன பள்ளத்துல கிடக்கு. அதான் அவ்வளவு ஆழம், நீளம் 670 கிலோமீட்டர், அகலம் சராசரி 50.
நாட்ரானுக்குள்ள ஆறு வருது, வெளிய போக வழியில்ல. வெயில் தண்ணியை உறிஞ்சிரும், சோடா உப்பு தங்கிரும். பூநாரைக்கு அதுதான் தோது, அங்கதான் குஞ்சு பொரிக்குது.

உசிலம்பட்டியான்:
அப்ப டாங்கனிக்கா ஏன் உப்பாகல?

தேனி மாப்ள:
அதுக்கு வடிகால் இருக்கு பங்காளி. லுக்குகா ஆறு வழியா காங்கோவுல சேர்ந்து அட்லாண்டிக் போயிரும்.

செல்லூர் வாத்தியார்:
மாப்ள சொன்னது சரி. பரீட்சைக்கு நம்ம நாட்டு உதாரணம் நர்மதை, தபதி. பிளவுல ஓடித்தான் அரபிக்கடலுக்குப் போகுதுக. வைகையைக் கொண்டுபோய் அந்த லிஸ்ட்ல சேர்த்துராத, போன தடவை ஒருத்தன் எழுதிட்டு வந்தான்.