அமெரிக்காவில் ஆன்லைனில் ஆர்டர் போட்டால் துப்பாக்கி வீட்டு வாசலுக்கே வந்துவிடுமா?

வெட்டிப்பேச்சு:
அங்கே எங்காவது துப்பாக்கிச்சூடு நடந்துவிட்டால் போதும், மறுநாளே டிவி விவாதத்திலும் யூடியூபிலும் ஒரே பல்லவிதான். "காய்கறி வாங்குவதுபோல துப்பாக்கி வாங்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், ஆன்லைனில் தட்டினால் கூரியரில் வரும், மெஷின் கன் உட்பட." இதில் எவ்வளவு நிஜம்? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள். அரசியல் சண்டை வேண்டாம், நடைமுறை மட்டும் போதும்.

டெக்சாஸ்வாசி:
கூரியர் கதை பாதிப் பொய். ஆன்லைனில் பணம் கட்டலாம், ஆனால் கடைக்காரர் அதை உங்கள் ஊரில் உரிமம் வைத்திருக்கும் டீலருக்குத்தான் அனுப்புவார். நீங்கள் அங்கே நேரில் போய் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றிருக்கிறீர்களா, போதைப்பொருள் பழக்கம் உண்டா, குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை உண்டா என்று வரிசையாகக் கேள்விகள், பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம். பிறகு உங்களுக்கு விற்கத் தடை ஏதும் இருக்கிறதா என்று டீலர் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை மையத்தில் கேட்பார், 1998 முதல் இருக்கிற ஏற்பாடு இது. டிரைவிங் லைசென்ஸில் பழைய வீட்டு முகவரி இருந்தால் அங்கேயே தகராறு, இப்போதைய முகவரிக்கு வேறு அரசு ஆவணம் கொண்டுவரச் சொல்வார்கள்.

நம்மவர்களுக்கு முக்கியமான விஷயம் ஒன்று: எச்1பி விசாவில் இருப்பவர் பொதுவாக வாங்கவே முடியாது. வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். காய்கறிக்கு யாரும் விசா பார்ப்பதில்லையே.

கடைசி பெஞ்ச்:
டெக்சாஸ்வாசி சொன்னது சரி, ஆனால் அவர் சொல்வதைப் படித்தால் ஏதோ பாஸ்போர்ட் எடுப்பதுபோல இருக்கிறது. பெரும்பாலான சோதனைகள் சில நிமிடத்தில் முடிந்துவிடும், பல மாநிலங்களில் காத்திருப்புக் காலமும் இல்லை பயிற்சியும் இல்லை, பதிவு சுத்தமாக இருந்தால் அரை மணி நேரத்தில் கையில் துப்பாக்கியோடு வெளியே வரலாம். எஃப்.பி.ஐ. 3 வேலை நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் டீலர் விற்கலாம் என்பது மத்தியச் சட்டம். 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவன் அப்படித்தான் வாங்கினான், அவனுடைய போதைப்பொருள் வழக்கு விவரம் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. அப்புறம் தனியார் விற்பனை. ஒரே மாநிலத்தில் வசிக்கும் இருவர் கைமாற்றிக்கொண்டால், மாநிலச் சட்டம் தடுக்காத வரை, சோதனையே கிடையாது. "சுலபம்" என்பதை முழுப் பொய் என்று எப்படிச் சொல்வது?

எண்கணக்கு:
ஊடகங்கள் கோட்டை விடுவது இந்தத் தனியார் விற்பனை எண்ணிக்கையில்தான். "40 சதவீதத் துப்பாக்கிகள் சோதனையில்லாமல் விற்கப்படுகின்றன" என்று பல வருடம் ஓட்டினார்கள், அதிபர் ஒபாமாவே 2013-இல் சொன்னார். அது 1994-இல் எடுத்த ஒரு சிறிய சர்வேயிலிருந்து வந்தது, அதுவும் பின்னணிச் சோதனை முறை முழுதாக அமலாகும் முன். 2017-இல் வெளியான ஆய்வில், சோதனையில்லாமல் துப்பாக்கி பெற்றவர்கள் 22 சதவீதம். குறைவுதான், ஆனால் ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடியதும் இல்லை.

அதே வருடம் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஒரு ரகசியப் பரிசோதனையின் முடிவை வெளியிட்டது. ரகசிய முகவர்கள் சாதாரண இணையதளங்களில் தனியாரிடம் 72 முறை வாங்க முயன்றார்கள், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. டார்க் வெப்பில் (சாதாரணத் தேடலில் சிக்காத மறைவான இணையம்) 7 முயற்சியில் 2 கிடைத்தன. ஆனால் துப்பாக்கி ஆதரவாளர்கள் இதைத் தூக்கிப் பிடிக்கும்போது ஒன்றை விட்டுவிடுவார்கள்: "எனக்கு வாங்கத் தகுதியில்லை" என்று முகவர்கள் தாங்களே சொன்ன பிறகுதான் 27 விற்பனையாளர்கள் மறுத்தார்கள். அதைச் சொல்லாமல் வாங்குகிறவனைப் பற்றி அந்தப் பரிசோதனை எதுவும் சொல்லவில்லை.

கன் ஷோ, அதாவது துப்பாக்கிக் கண்காட்சிச் சந்தை பற்றியும் அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள். குற்றம் செய்தபோது துப்பாக்கி வைத்திருந்த கைதிகளிடம் 2016-இல் கேட்டதில், அங்கே வாங்கியவர்கள் 1 சதவீதத்துக்கும் கீழே. கள்ளச்சந்தையில் வாங்கியவர்கள் 43 சதவீதம்.

வெட்டிப்பேச்சு:
நன்றி. அப்போ மெஷின் கன்?

டெக்சாஸ்வாசி:
அதுதான் இருப்பதிலேயே பெரிய புளுகு. செய்தியில் காட்டும் ஏஆர்-15 ரக ரைஃபிள், விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான் சுடும். தொடர்ந்து சுடும் ரகம் 1934 முதலே தனிக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, 1986 மே மாதத்துக்குப் பிறகு தயாரானதைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது. பழசு வேண்டுமானால் கைரேகை, போட்டோ, மத்திய அனுமதி எல்லாம் ஆன பிறகு பத்தாயிரக்கணக்கான டாலர் கொடுக்க வேண்டும்.

கடைசி பெஞ்ச்:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாதாரண ரைஃபிளுக்கு மத்தியச் சட்டம் கேட்கும் வயது 18, டீலரிடம் கைத்துப்பாக்கிக்குத்தான் 21. கலிஃபோர்னியாவில் 10 நாள் காத்திருக்க வேண்டும், இல்லினாயில் முதலில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கான மாநில அடையாள அட்டை எடுக்க வேண்டும். அடுத்த முறை அந்த யூடியூபரிடம் எந்த மாநிலம் என்று கேட்டுப் பாருங்கள்.