தினமும் போடுற மாலைக்கு எந்த நீலக் கல் மணி வாங்கலாம்?

நூலும்மணியும்

வணக்கம் எல்லாருக்கும். வீட்ல இருந்தே மாலை, வளையல் செஞ்சு குடுத்துட்டு இருக்கேன், இதுவரைக்கும் முத்தும் கிரிஸ்டலும்தான் அதிகம். இப்ப ஒரு டீச்சர் அக்கா, ஸ்கூலுக்கு தினமும் போட்டுட்டு போற மாதிரி அடர் நீலத்துல கல் மணி மாலை கேக்குறாங்க, நடுநடுவுல வெள்ளி குண்டு வச்சு. கண்ணாடி, பிளாஸ்டிக் எதுவும் வேண்டாமாம், கல்லுதான் வேணுமாம். கடையில கேட்டா லாபிஸ்னு ரெண்டு சரம் எடுத்து போட்டாங்க, ரெண்டும் 8 எம்எம், ஒண்ணு இன்னொண்ணுல பாதி விலைகூட இல்ல. விலை கம்மியானது ஒரே சீரா கருநீலமா அழகா இருக்கு, விலை ஜாஸ்தியானதுலதான் அங்கங்க வெள்ளைத் திட்டும் தங்க நிறப் பொட்டும் தெரியுது. எது நல்ல கல்லு, எப்படி கண்டுபிடிக்கிறது? வேர்வைக்கு தாங்குமா? எந்த நூல்ல கோக்கலாம்? வெள்ளி கறுத்துப் போனா எப்படி கழுவச் சொல்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கல்லும்கலரும்

தோழி, அந்த வெள்ளையும் தங்கப் பொட்டும் இருக்குறதைப் பார்த்து ஒதுக்கிடாதீங்க. லாபிஸ் லசுலிங்கிறது ஒரே கனிமம் கிடையாது, பல கனிமம் சேர்ந்த பாறை. நீலம் வர்றது லாசுரைட்ல இருந்து, வெள்ளை கால்சைட், தங்க நிறத்துல மின்னுறது பைரைட். வெள்ளை கம்மியா இருந்தா விலை ஏறும், அவ்வளவுதான். ஆப்கானிஸ்தான்ல பதக்‌ஷான் பக்கம் சர்-இ-சங் சுரங்கத்துல இருந்து ஆயிரக்கணக்கான வருஷமா எடுக்குற கல்லு இது, ஒரு சரம் முழுக்க எல்லா மணியும் அச்சு மாறாம ஒரே கலர்ல, அதுவும் பாதி விலையில கிடைக்குதுன்னா சந்தேகப்படணும்.

பெரும்பாலும் அது சாயம் ஏத்துன ஹவ்லைட், மேக்னசைட் மாதிரி வெள்ளைக் கல்லு, இல்லன்னா ஜாஸ்பரா இருக்கும். சாயம் போட்ட ஜாஸ்பரைத்தான் ஸ்விஸ் லாபிஸ், ஜெர்மன் லாபிஸ்னு பேர் வச்சு விக்கிறாங்க, பேரைக் கேட்டு ஏமாந்துடாதீங்க. நல்ல வெளிச்சத்துல லென்ஸ் வச்சு மணியோட ஓட்டை வாயைப் பாருங்க. சாயம்னா ஓட்டையைச் சுத்தியும் சின்னச் சின்ன கீறல்லயும் கலர் தேங்கி இன்னும் கருப்பா தெரியும். ஓரம் சிதறுன மணி ஒண்ணு இருந்தா உள்ள வெள்ளையா இருக்கான்னு பாருங்க, ஹவ்லைட்னா அங்கயே தெரிஞ்சிடும்.

அடுத்தது அசிடோன். பஞ்சுல அசிடோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டு ஒரே ஒரு மணியில, ஓட்டைப் பக்கமா தேய்ங்க. பஞ்சு நீலமாச்சுன்னா சாயம் இருக்குன்னு அர்த்தம். ஆனா ஒரு விஷயம், நிஜ லாபிஸ்லயே வெள்ளையை மறைக்க சாயம் ஏத்துறது உண்டு, அதனால கலர் வந்த உடனே கல்லே பொய்னு முடிவு பண்ணிடக் கூடாது. டர்க்காய்ஸ்ல மட்டும் இந்த டெஸ்ட் வேண்டவே வேண்டாம், அதுல ரெசின் ஏத்தியிருப்பாங்க, மேல் பாலிஷ் போயிடும்.

சோடலைட்னு இன்னொரு நீலக் கல்லையும் லாபிஸ்னு தள்ளிடுவாங்க. அதுல வெள்ளைக் கோடு ஓடும், தங்கப் பொட்டு அநேகமா இருக்காது, கையில தூக்குனா லைட்டா இருக்கும். லாபிஸ் அடர்த்தி 2.7க்கு மேல, சோடலைட் 2.3 பக்கம்தான்.

முடிச்சு

நூல் பத்தி மட்டும் நான் சொல்றேன் சிஸ்டர். கல் மணியில ரெண்டு பக்கமும் துளை போட்டு நடுவுல சந்திக்க வைப்பாங்க, அதனால உள்ள ஒரு சின்ன படி மாதிரி இருக்கும், ஓரமும் கூரா இருக்கும். சாதா நூல் போட்டா தினமும் கழுத்துல ஆடி ஆடி அந்த இடத்துலயே அறுந்துடும். தினமும் போடுற மாலைக்கு நைலான் கோட்டிங் உள்ள கியர் வயர் (மெல்லிசான கம்பி) போட்டு, நுனியில நசுக்கிப் பூட்டுற கியர் லாக் அடிச்சிடுங்க, 0.38 எம்எம் போதும். லாக்கை மணியோட ஒட்டி இறுக்கி அடிக்காதீங்க, துளி இடம் விடுங்க, இல்லன்னா வயர் மடங்கி ஒடியும், கடைசி மணியும் விரிசல் விடும்.

பட்டு நூல்ல மணிக்கு மணி முடிச்சு போட்டா விழுற அழகே தனி, அறுந்தாலும் ஒரு மணிதான் போகும். ஆனா பட்டு வேர்வையை இழுத்து அழுக்கேறும், அடிக்கடி மாத்திக் கோக்கணும். அவங்க ஸ்கூலுக்குப் போட்டுட்டு போறாங்கங்கிறதால கியர் வயர்தான் என் ஓட்டு. கோக்குறதுக்கு முன்னாடி பீட் ரீமர்ல (ஓட்டையைத் தேய்க்கிற சின்ன அரம்) ஓட்டை வாயை லேசா தேய்ச்சு விடுங்க, மணியை தண்ணியில நனைச்சுட்டு. 16 இஞ்ச் சரத்துல 8 எம்எம் மணி 50 பக்கம் வரும், வெள்ளி குண்டும் சேர்றதால ஒரு சரமே போதும்.

கொடுமணல்காரி

கல்லு கீறலுக்கு எவ்வளவு தாங்கும்னு பத்து வரைக்கும் அளக்குற மோஸ் அளவுல லாபிஸ் கடினம் 5ல இருந்து 5.5 தான், அதனால தினசரிக்குன்னா அவங்ககிட்ட இன்னொரு தடவை பேசிப் பாருங்க. வெளிர் நீலம் ஓகேன்னா அக்குவாமரைன் தைரியமா குடுக்கலாம், 7.5ல இருந்து 8 வரைக்கும் கடினம், விலைதான் கூட. எங்க ஊர்ப் பக்கம் கொடுமணல் அகழாய்வுல அக்குவாமரைன் சேர்ந்த அதே பெரில் வகைக் கல்லும் நீலக்கல்லும் (சஃபையர்) மணி செஞ்ச தடயத்தோட கிடைச்சிருக்கு, அதனால எனக்கு இந்தக் கல்லு மேல தனிப் பாசம் உண்டு. கயனைட்னு ஒரு நீலக் கல்லு இருக்கு, கலர் பார்க்க மயக்கும், ஆனா நீளவாக்குல பொளந்துக்கும், தினசரிக்கு வேண்டாம்.

மலிவா சஃபையர் மணின்னு காட்டுனா கண்ணாடி நிரப்புனதா, சாயம் போட்டதான்னு கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க. அதோட நீலம்னாலே சனி கல்லு, ஜாதகம் பார்க்காம போட மாட்டேன்கிறவங்க நம்ம ஊர்ல நிறைய. லாபிஸ் நவரத்தினத்துல வராது, அதை அந்த அக்காகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அப்புறம் வீட்ல பெரியவங்க கேள்வி கேட்டா அவங்களுக்கு சங்கடம்.

நூலும்மணியும்

ரொம்ப நன்றி எல்லாருக்கும்! கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு அங்கயே வச்சு பார்த்தேன். விலை கம்மி சரத்துல பஞ்சு பளிச்னு நீலமாயிடுச்சு, தேய்ச்ச இடம் மட்டும் சாம்பல் கலர்ல வெளுத்துப் போச்சு. இன்னொன்னுல பஞ்சு வெள்ளையாவே இருந்துச்சு, அதையே வாங்கிட்டேன். டீச்சர் அக்காவுக்கும் அடர் நீலம்தான் பிடிச்சிருக்காம். கழுவுறது எப்படின்னு மட்டும் யாராவது சொல்லுங்களேன், வெள்ளியை அவங்க வீட்ல புளி போட்டுத்தான் தேய்ப்பாங்களாம்.

கல்லும்கலரும்

ஐயோ புளி வேண்டவே வேண்டாம்மா! எலுமிச்சையும் கூடாது. லாபிஸ்ல இருக்குற கால்சைட்டை புளிப்பு அரிச்சிடும், பளபளப்பு போய் மங்கிடும், திரும்ப பாலிஷ் போடாம சரியாகாது. வெள்ளியை முக்கி கறுப்பு எடுக்குற சில்வர் டிப் திரவத்துலயும் அமிலம் இருக்கு, மாலையை அப்படியே முக்கக் கூடாது. விபூதி, பேஸ்ட் போட்டு தேய்க்கிறதும் கல்லைக் கீறும். வெள்ளி குண்டை மட்டும் சில்வர் துடைக்கிற துணியால ஒவ்வொண்ணா துடைக்கச் சொல்லுங்க, மெதுவாத்தான் ஆகும், வேற வழியில்ல.

சாயங்காலம் கழட்டுனதும் ஈரத்துணியால ஒத்தி எடுத்து, உடனே காய்ஞ்ச துணியால துடைச்சா வேர்வை போயிடும். காய்ஞ்ச தூசியோட தேய்க்கக் கூடாது, தூசியில இருக்குற மணல் துகள் இந்தக் கல்லை விட கடினம். சென்ட், பவுடர், தலைக்கு எண்ணெய் எல்லாம் முடிச்சுட்டு கடைசியா மாலை போடணும், குளிக்கும்போது கழட்டிடணும். வைக்கிறப்ப தனியா ஜிப் கவர்ல, மத்த கல் நகையோட உரசாம. இதை ஒரு சின்ன கார்டுல எழுதி மாலையோட டப்பாவுலயே வச்சுக் குடுத்துடுங்க, புளி கூடாதுங்கிறதை முதல் வரியில போடுங்க.