மொறிஸ் மைனர் மூன்றாம் சிலிண்டர் மிஸ் பண்ணுகிறது, காபரேற்றரைக் கழற்றலாமா?

உவர்மலை மைனர்:
அப்பா விட்டுப்போன மொறிஸ் மைனர் 1000, 1098 சிசி எஞ்ஜின். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஓரளவு ஒழுங்காக நிற்கும். கன்னியா வரை ஓடிச் சூடாகிவிட்டால் ஐட்லிங்கில் காரே குலுங்குகிறது. அக்சிலரேற்றரை மிதித்தால் பாதி சரியாகிவிடும். ஓடும்போது பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். 1, 2, 4 கழற்றினால் எஞ்ஜின் விழுகிறது. 3 கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லை. கராஜ் பாஸ் காபரேற்றரைக் கழற்றிப் புது கிட் போடவேண்டும் என்கிறார். போடலாமா?

பழைய இரும்பு:
பாஸ் சொல்வது சரி தம்பி. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் ஆளாளுக்குக் கானில் பெற்றோல் சேர்த்தார்கள், கார்கள் வெறும் தாங்கியோடு வீட்டில் நின்றன. திருகோணமலை சீனக்குடாவில் அத்தனை எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டு நாங்கள் வரிசையில் நின்ற கதையை யாரிடம் சொல்ல? அதற்குப் பிறகு எந்தப் பழைய காரின் காபரேற்றரிலும் பெற்றோல் நிற்கும் கிண்ணமான ஃபுளோட் சேம்பரைத் திறந்தாலும் அடியில் துரு. அதைக் கழுவாமல் வேறு எதைத் தொட்டும் பிரயோசனமில்லை.

டப்பட் சத்தம்:
அண்ணா, இதில் நான்கு சிலிண்டருக்கும் இருப்பது ஒரே ஒரு எஸ்யூ காபரேற்றர். துரு அடைத்தால் நான்கும் பட்டினி கிடக்க வேண்டும். மூன்றாவது மட்டும் ஏன் கிடக்கிறது?

பழைய இரும்பு:
காபரேற்றரையும் எஞ்ஜினையும் இணைக்கும் மனிஃபோல்ட் குழாயின் கஸ்கட் காற்று இழுத்தால்? அது ஒரு பக்கத்தைத்தானே பிடிக்கும்.

டப்பட் சத்தம்:
ஒரு பக்கத்தைப் பிடிக்கும், ஒரு சிலிண்டரைப் பிடிக்காது. இந்த ஹெட்டில், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியில், பெற்றோல்-காற்றுக் கலவை உள்ளே போக இரண்டே வாசல்கள். 1உம் 2உம் ஒன்றைப் பகிர்கின்றன, 3உம் 4உம் மற்றதை. அங்கே காற்று இழுத்தால் 4உம் சேர்ந்து தடுமாறும். 4ஐக் கழற்றினால் எஞ்ஜின் விழுகிறது என்று தம்பி எழுதியிருக்கிறாரே. கிட்டுக்குக் காசைக் கொடுக்க முன் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் நெருக்கும் அழுத்தம், பாருங்கள்.

நிலாவெளி உப்புக்காற்று:
இரண்டு பேரும் கரண்ட் பக்கத்தை மறந்துவிட்டீர்கள். கடலோரத்துக் காருக்கு முதல் எதிரி, பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரின் மூடிதான். மாரியில் ஈரம், மற்ற நாளில் உப்பு. மூடியின் உட்புறம் பென்சிலால் கீறியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் ஸ்பார்க் அந்த வழியே ஓடிவிடும். அதற்குள் திறந்து மூடும் பொயின்ட்டின் இடைவெளியும் பாருங்கள், 15 தௌ (ஒரு தௌ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று). இடைவெளி பிழைத்தால் நான்கும் கெடும் என்பது உண்மைதான். ஆனால் டிஸ்ரிபியூட்டர் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆடினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இடைவெளி ஒவ்வொரு மாதிரி வரும். 3இன் பிளக்கையும் வயரையும் 1க்கு மாற்றிப் போடுங்கள். கோளாறு கூடவே 1க்குப் போனால் அவற்றில்தான் பிழை.

உவர்மலை மைனர்:
மாற்றிப் போட்டேன், 3தான் இன்னும் செத்துக் கிடக்கிறது. மூடியில் கோடு இல்லை, ஷாஃப்ட் ஆடவும் இல்லை. அப்புறம் நண்பனிடம் கேஜ் வாங்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, அக்சிலரேற்றரை முழுக்க மிதித்துக் கொம்பிரஷன் பார்த்தேன்: 145, 140, 95, 145 பிஎஸ்ஐ. மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி எஞ்ஜின் ஒயில் விட்டுத் திரும்பப் பார்த்தால் 100.

டப்பட் சத்தம்:
பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஒயில் விட்டதும் இடைவெளி அடைபட்டு நன்றாக ஏறியிருக்கும். 2க்கும் 3க்கும் நடுவில் ஹெட் கஸ்கட் போயிருந்தால் இரண்டும் சேர்ந்து இறங்கியிருக்கும். மிச்சம் வால்வ்தான். புகைக் குழாய் வாயில் ஒரு துண்டுப் பேப்பரைப் பிடித்துப் பாருங்கள். நல்ல எஞ்ஜின் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். எரிந்த எக்ஸோஸ்ட் வால்வ் என்றால் இடையிடையே உள்ளே இழுக்கும். பிறகு கிளியரன்ஸ், அதாவது வால்வ் தண்டுக்கும் அதை அமுக்கும் ரொக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளி, எஞ்ஜின் குளிரில் 12 தௌ. முன்னாலிருந்து எண்ணினால் 3இன் எக்ஸோஸ்ட் ஐந்தாவது வால்வ். நான்காவது முழுதாகத் திறந்திருக்கும்போது ஐந்தாவதை அளக்க வேண்டும், திறந்த வால்வின் எண்ணையும் அளக்கும் வால்வின் எண்ணையும் கூட்டினால் 9 வரவேண்டும்.

உவர்மலை மைனர்:
பேப்பர் உள்ளே இழுபடுகிறது! ஐந்தாவதில் 4 தௌ தகடே நுழையவில்லை. 12க்கு வைத்ததும் கொம்பிரஷன் 115க்கு ஏறியது. குலுக்கம் குறைந்திருக்கிறது, போகவில்லை.

டப்பட் சத்தம்:
வால்வ் மூடும்போது உட்காரும் இருக்கை தேய்ந்து வால்வ் ஹெட்டுக்குள் ஏறியிருக்கிறது, அதனால்தான் இடைவெளி மூடியது. சூட்டில் தண்டு நீண்டதும் வால்வ் முழுதாக அடையாது, விளிம்பு எரியும். சூடானபின் குலுங்கியதும் இதனால்தான். 2க்கும் 3க்கும் எக்ஸோஸ்ட் வாசல் ஒன்று, அங்கே சூடும் கூட. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுவிட்டது. இந்த ஹெட்டின் இருக்கைகள் ஈயப் பெற்றோலை நம்பிச் செய்தவை. ஹெட்டைக் கழற்றி, கடின இருக்கை வளையம் போட்டுப் புது எக்ஸோஸ்ட் வால்வ் போடுங்கள்.

பழைய இரும்பு:
தம்பியைப் பயமுறுத்தாதீர்கள். ஈயம் நின்ற பிறகும் எத்தனை மைனர்கள் ஹெட்டைத் தொடாமல் டவுனுக்குள் ஓடுகின்றன? இருக்கை தேய்வது நீண்ட தூரம் விரட்டி ஓடும்போதுதான். கிளியரன்ஸை அடிக்கடி பார்த்துக்கொண்டு மெதுவாக ஓடினால் போதும்.

டப்பட் சத்தம்:
தேயாத வால்வுக்கு அது சரி. இது எரிந்துவிட்டது. 12க்கு வைத்தும் 115ஐத் தாண்டவில்லையே. கிளியரன்ஸ் வைத்து எரிந்த விளிம்பை வளர்க்க முடியாது.

உவர்மலை மைனர்:
நான் கந்தளாய்க்கு 80இல் விரட்டுகிற ஆள். மெதுவாக ஓடுவது நடக்காது. ஹெட்டைக் கழற்றுகிறேன்.

டப்பட் சத்தம்:
முதலில் ரேடியேற்றர் தண்ணீரை வடியுங்கள். ரொக்கரைப் பிடித்திருக்கும் நட்டுகளில் சில ஹெட்டையும் பிடிக்கின்றன, வடிக்காமல் அவற்றைத் தொடவேண்டாம். நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ரொக்கரைத் தள்ளும் புஷ்ரொட்களைக் கார்ட்போட் அட்டையில் துளையிட்டு வரிசை மாறாமல் குத்திவையுங்கள்.